பாதிக் குழாய்

அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகள் இருந்தன. இருபத்திரண்டுக்கும் தண்ணீர் ஒரே வழியில்தான் வந்தது. நடுத்தெருவில் புதைந்திருந்த பெருங்குழாயிலிருந்து வாசலுக்கு வாசல் பிரிந்து, முற்றத்து மண்ணுக்கு அடியில் இருபது அடி ஓடி, சுவருக்குக் கீழே நுழைந்து, சமையலறைத் தரையின் அடியில் இன்னும் எட்டு அடி சென்று, கழுவு தொட்டிக்கு மேலே ஒற்றைக் குழாயாக எழும்பியது. வாசல்வரையில் உள்ளது நீர்வாரியத்தின் பொறுப்பு. வாசலுக்கு உள்ளே இருப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. பெருங்குழாயை வாரியம் மாற்றிவிட்டது. வாசலுக்கு உள்ளே இருந்ததை எவரும் தொடவில்லை. அது ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பு போட்ட ஈயக் குழாய்.

பதினேழாம் வீட்டில் குடியிருந்தவர் அந்த வாரியத்தின் ஒப்பந்த வேலையாள். இருபது ஆண்டுகளாகப் பள்ளம் தோண்டி, குழாய் அறுத்து, இணைப்புப் போட்டு வந்த அவரைத் தெருவில் எல்லோரும் குழாய்க்காரர் என்றே அழைத்தார்கள். அவருடைய கைகளைச் சவர்க்காரம் போட்டு எத்தனை முறை கழுவினாலும் விரல் இடுக்கில் கிரீஸின் கறுப்புக் கோடு மறையாது. மனைவி ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் தைத்தார். குழாய்க்காரருக்கு இரண்டு வயது மூத்த அக்காள், கணவனை இழந்தபின் தம்பியோடு வந்து சேர்ந்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

திருமணமாகிப் பதினோராம் ஆண்டில் மனைவி கருவுற்றார். அவ்வாண்டுதான் வாரியத்தில் வேலையாட்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளையே அதிகம் கெடுக்கும் என்று அங்கே சொன்னார்கள். குழாய்க்காரர் அன்று மாலையே, வாடகை வீட்டின் உரிமையாளரான வீட்டுக்காரம்மாவிடம் போனார்.

“சமையக்கட்டுத் தரையை மட்டும் ஒரு முழ அகலத்துக்கு உடைக்கணும்மா. குழாயை மாத்திட்டு நானே பூசித் தந்துடறேன்.”

“உடைக்கிறதா? எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப ஒவ்வொரு கல்லா பார்த்துப் பார்த்துப் பதிச்ச தரை அது. பூசின தரையும் ஒட்டுப் போட்ட துணியும் பழையபடி ஆகுமா? முற்றத்தை எப்படி வேணா தோண்டிக்கோ. வீட்டுக்குள்ள கை வைக்காதே.”

ஆகவே அவர் முற்றத்தைத் தோண்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். இருபது அடி ஈயத்தை அறுத்து எடுத்துவிட்டுச் செம்புக் குழாய் போட்டார். சுவரோரத்தில், தரைக்கு அடியில் போகும் எட்டு அடி ஈயத்தின் வாயில் செம்பின் வாயைப் பொருத்திப் பித்தளை இணைப்பை முடுக்கினார். அழகான இணைப்பு, ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

“மீதி?” என்று அக்காள் கேட்டார்.

“இருபத்தெட்டு அடி விஷத்தில இருபது அடி போச்சுக்கா. எட்டுதான் பாக்கி. கணக்குப் போட்டுப் பாரு.”

“எனக்கு எங்கடா கணக்கு வந்துச்சு. உனக்கு வந்தாச் சரி.”

பெண் குழந்தை பிறந்தது. மகிழ்ச்சியை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இனிப்பு வாங்கி வீடுவீடாகக் கொடுப்பது அவருடைய இயல்புக்கு ஒத்துவரவில்லை. செம்புக் குழாய் வாங்கிப் போடுகிறவர்கள் வீட்டில், கூலி இல்லாமல் முற்றத்துக் குழாயை மாற்றித் தருவதாகச் சொன்னார். பதினான்கு வீட்டார் சம்மதித்தார்கள். எவருக்கும் தரையை உடைக்க மனமில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

“மத்தவன் பொண்ணு பொறந்தா மிட்டாய் குடுப்பான். இவன் கடப்பாரையைத் தூக்கிக்கிட்டு வர்றான்” என்றார் நான்காம் வீட்டுத் தையல்காரர்.

“மிட்டாய் மறுநாளே கரைஞ்சிடும். இது உங்க பேரன் காலத்துக்கும் இருக்கும்” என்றார் குழாய்க்காரர்.

ஒன்பதாம் வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்காலியைப் பள்ளத்தின் ஓரத்தில் போட்டு அமர்ந்து, வேலை முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஈயத்தைப் பார்த்து இளிச்சுதாம் பித்தளைன்னு சொல்வாங்க. நீ என்னடான்னா செம்பையும் கொண்டுவந்து பக்கத்தில படுக்க வச்சிருக்கே. மூணும் ஒத்துப் போகுமா?”

“புருஷன் பொண்டாட்டியே ஒத்துப் போகுதாம், குழாய் போகாதா?”

“யார் வீட்ல ஒத்துப் போகுது? விலாசம் சொல்லு, நான் கடுதாசி போடறேன்.”

பள்ளத்துக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சிரிப்பு எழுந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் குழாய்க்காரர் அடைந்த மனநிறைவை அதற்கு முன் அவர் அடைந்ததில்லை.

குழந்தையைச் சிட்டு என்று அழைத்தார்கள். தாய் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டதால், சிட்டு பால்மாவில் வளர்ந்தாள். பால்மாவுக்கு வேண்டிய தண்ணீர் அக்காளின் பொறுப்பு. காலை ஏழு மணிக்குப் பிறகு அந்தத் தெருவில் தண்ணீர் நூல்போல் இறங்கும். அதற்கு முன் நாற்பது நிமிடம்தான் வேகம். அக்காள் தெருவே எழுமுன் எழுந்து, முதலில் வரும் தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் பிடிப்பார். “பத்துப் பேர் கை படறதுக்கு முன்னால வர்ற தண்ணி பிள்ளைக்கு” என்பது அவருடைய சட்டம். அதை இருபது நிமிடம் கொதிக்கவைத்து, மூடி, ஆறவைத்து, நாள் முழுவதற்கும் வைத்துக்கொள்வார். அவருடைய ஒழுங்கில் யாரும் குறை காண முடியாது.

பதினான்காம் மாதத்தில் சிட்டு ஒன்பது சொற்கள் சொன்னாள். அக்காள் விரல்விட்டு எண்ணிவைத்திருந்தார். பதினெட்டாம் மாதத்தில் அவை ஆறாகக் குறைந்தன. வளர்கிற பிள்ளை நடக்கத் தொடங்கினால் பேச்சு பின்வாங்கும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அப்பனைக் கொண்டிருக்கிறது, அவனும் ஊமைக்கோட்டான்தானே என்றார். இருபதாம் மாதத்தில் குழந்தை சாப்பாட்டைத் தள்ளியது; வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது; மலம் கழிய நான்கு நாள் ஆயிற்று; முகம் வெளுத்தது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. இருபத்திரண்டாம் மாதத்தில் சொல் ஒன்றும் மிஞ்சவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர்தான் இரத்தத்தில் ஈயத்தைப் பார்க்கச் சொன்னார். முடிவு வந்த அன்று மூவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“பழைய சாயம் உரிஞ்ச சுவர் இருக்கா வீட்ல? பேட்டரி வேலை யாராவது செய்றீங்களா?”

“இல்லைங்க டாக்டர். நான் குழாய் வேலை. ஆனா வீட்டுக் குழாயை மாத்திட்டேன். பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே.”

“தண்ணியைப் பரிசோதிக்கச் சொல்றேன். மருந்து தர்றேன், ரத்தத்தில இருக்கிற அளவை இறக்கும்.”

“இறங்கினா பேசிடுவா இல்லையா?” என்று தாய் கேட்டார்.

மருத்துவர் மேசைமேல் இருந்த காகிதத்தை நேராக்கினார். “ரத்தத்திலேர்ந்து எடுக்கலாம்மா. மூளை வளர்ற நேரத்தில அது தடுத்த வேலையை மருந்து திரும்பச் செய்யாது. எவ்வளவு வரும்னு இப்ப யாராலும் சொல்ல முடியாது. நிறைய எதிர்பார்க்க வேண்டாம்.”

வாரியத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தார். முதல் நாளே செய்தி அனுப்பியிருந்தார்: இரவு பத்து மணிக்குமேல் தாம் வரும்வரை வீட்டில் எவரும் குழாயைத் திறக்கக்கூடாது. காலை ஆறரை மணிக்கு, ஒரு பெட்டி நிறையப் போத்தல்களுடன் சமையலறையில் நின்றார். குழாய்க்காரர் உதவ முன்வந்தார்.

“அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுப் பிடிங்க மேடம். எங்க ஆளுங்க எப்பவும் அப்படித்தான் மாதிரி எடுப்பாங்க.”

“அதனாலதான் எப்பவும் நல்லதுன்னே வருது” என்று அவர் சொன்னார். “ராத்திரி முழுக்கக் குழாய்க்குள்ள நின்ன தண்ணி எனக்கு வேணும். ஓடவிட்டா அது போயிடும்.”

குழாயைத் திறந்த கணத்திலிருந்து வரிசையாகப் பத்துப் போத்தல்களை நிரப்பினார். ஒரு துளியையும் தொட்டியில் விழவிடவில்லை. ஒவ்வொன்றிலும் எண் எழுதினார். குழாய்வாயின் வலையைக் கழற்றி, அதில் தங்கியிருந்த சாம்பல் நிறக் குறுமணலை ஒரு காகிதத்தில் தட்டிக்கொண்டார். பத்துப் போத்தலிலும் தண்ணீர் ஒன்றுபோல் தெளிவாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, மாலையில், முடிவுகளுடன் மீண்டும் வந்தார். முற்றத்தில் நின்றபடியே தாளைப் பிரித்தார்.

“பத்தாவது போத்தல் தெருக்குழாய்த் தண்ணி. சுத்தம். நாலுலேர்ந்து ஒன்பதுவரை உங்க செம்புக் குழாயில நின்னது. அதுவும் பரவாயில்லை. முதல் மூணு போத்தல்தான். அனுமதிச்ச அளவைப்போல முப்பது மடங்கு.”

“அது அந்த எட்டு அடி” என்றார் குழாய்க்காரர். “தரைக்கு அடியில இருக்கிறது. அப்பவே சொன்னேன், வீட்டுக்காரம்மா விடல. இருபது அடி மாத்தியே இவ்வளவுன்னா, மாத்தாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்!”

அந்தப் பெண் சுவரோரத்து மண்ணைப் பார்த்தார். “இணைப்பைப் பார்க்கலாமா?” என்று கேட்டார்.

குழாய்க்காரர் தாமே தோண்டிக் காட்டினார். மண்ணைக் கையால் தள்ளி, தம் வேலையைத் துணியால் துடைத்தார். செம்பு, பித்தளை, ஈயம். மூன்றும் ஒரு கோட்டில் நேராக இருந்தன. அந்தப் பெண் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

“சுத்தமான வேலை” என்றார். பிறகு, “குழாய் வெட்டாத வீடு எத்தனை இருக்கு இந்தத் தெருவில?” என்று கேட்டார்.

“ஏழு வீடு இருக்கு. ஏன்?”

“அதில ரெண்டு வீட்ல போன வாரமே மாதிரி எடுத்தேன். முழுக்க ஈயக் குழாய். அங்கே அளவு அனுமதிச்சதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.”

குழாய்க்காரர் புரியாமல் பார்த்தார். அந்தப் பெண் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“பழைய ஈயக் குழாய்க்குள்ள அம்பது வருஷமா ஒரு தோல் படிஞ்சிருக்கும். தண்ணியில இருக்கிற சுண்ணாம்பும் ஈயமும் சேர்ந்து உண்டாகிற தோல். ஈயத்தையும் தண்ணியையும் அதுதான் பிரிச்சு வச்சிருந்தது. நீங்க ரம்பம் போட்டப்ப, முடுக்கினப்ப, உள்ளே அது விண்டு உதிர்ந்துடுச்சு. வலையில வந்த மணல் அதுதான். அப்புறம் செம்பும் ஈயமும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டுத் தண்ணிக்குள்ள கிடந்தா, ஈயம் தன்னாலே அரிச்சுக் கரையும். பேட்டரி மாதிரி. தெருவிலேர்ந்து வர்ற தண்ணி செம்பைத் தொட்டுட்டு வந்து ஈயத்தில நிக்குது, அது இன்னும் மோசம். முழுசா எடுத்திருந்தா நல்லது. இல்ல, தொடாமலே விட்டிருக்கலாம். பாதி எடுக்கிறது மட்டும்…”



அக்காள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். “நான் கொதிக்கவச்சுத்தாம்மா குடுத்தேன். இருபது நிமிஷம். ஒரு நாள்கூடத் தவறினதில்லை.”

“கொதிச்சா கிருமி சாகும்மா. ஈயம் சாகாது. தண்ணி வத்தி, அது கூடத்தான் ஆகும்.”

“முதல் தண்ணிதான் பிடிப்பேன். பிள்ளைக்குன்னு.”

அந்தப் பெண் தாளை மடித்து உறைக்குள் வைத்தார். அக்காளின் முகத்தைப் பார்க்காமல், அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

குழாய்க்காரர் அன்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்கவில்லை. சம்மட்டியை எடுத்துச் சமையலறைத் தரையை உடைத்தார். எட்டு அடி ஈயத்தையும் உருவி முற்றத்தில் போட்டுவிட்டு, செம்பைக் குழாய்வாய்வரைக்கும் கொண்டுபோனார். ஓசை கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரம்மா வாசலில் நின்று அழுதார்; பிறகு மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலிசெய்யச் சொன்னார். தெருவில் நல்ல தண்ணீர் வரும் ஒரே வீடு அதுதான். அதிலிருந்து அவர்கள் வெளியேற இருபத்தாறு நாள் இருந்தன.

மனைவி அவரிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், சிட்டுவைத் தூங்கவைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“உங்களைக் குறை சொல்லணும்னு நாலு நாளா வாயைத் திறக்கறேன். வரமாட்டேங்குது. கெட்டது நினைச்சுச் செஞ்சிருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன்.”

“கேளேன். கேட்டாத் தேவலை.”

“கேட்டா அவ பேசுவாளா?” பிறகு, “மத்த பதினாலு வீடு?” என்றார்.

“வாரியத்தில எழுதிக் குடுத்துட்டேன். வாசலுக்கு உள்ளே அவங்க வேலை இல்லையாம். சூப்பர்வைசர் கூப்பிட்டு, உன்னை யாரு அடுத்தவன் வீட்ல கை வைக்கச் சொன்னது, வெளியில பேசினா வேலை போயிடும்னான்.”

“அதில ஒண்ணு லாரிக்காரர் வீடு. அவர் பொண்டாட்டிக்கு ஏழு மாசம்.”

“தெரியும்.”

“மூத்தவனுக்கு மூணு வயசு.”

“தெரியும்னு சொல்றேன்ல.”

“தெரிஞ்சா எழுந்து போங்க.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டார். கையில் கருவி எதுவும் இல்லாமல் அவர் அந்தத் தெருவில் நடந்தது அதுவே முதல் முறை. நான்காம் வீட்டில் தையல்காரர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

“நீயே வந்து போட்டே. இப்ப நீயே வந்து விஷம்ங்கறே. நாளைக்கு வந்து என்ன சொல்லுவே, குழாயையே கடிச்சுத் தின்னுன்னா?”

“விளையாட்டு இல்லண்ணே. தரையை உடைச்சு மீதியையும் எடுத்துடணும். நான் செய்றேன்.”

“எங்களுக்கு ஒண்ணும் ஆகலியேப்பா.”

“பெரியவங்களுக்கு உடனே தெரியாது. சின்னப் பிள்ளைங்களுக்குத்தான்.”

“இந்த வீட்ல சின்னப் பிள்ளை நான்தான். என் பொண்டாட்டியைக் கேளு.” அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். “உன் பிள்ளைக்கு இப்படி ஆனதில உன் மனசு கலங்கிக் கிடக்கு. அதுக்கு ஊர்ப் பழியெல்லாம் நீ தூக்கித் தலையில வச்சுக்காதே.”

தபால்காரர் நம்பினார். நம்பியதில் பயன் இல்லை. “நான் அன்னிக்கே கேட்டேன், நீ புருஷன் பொண்டாட்டின்னே” என்றார். தரை வீட்டுக்காரருடையது; இந்த வயதில் வேறு வீடு தேடி அலைய முடியாது; கடனுக்கு வாழ்வதுபோல இன்னும் சில ஆண்டுகள்தான்; அதுவரை எது குடித்தால் என்ன. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களே என்று குழாய்க்காரர் கேட்டதற்கு, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டாம் வீட்டில் பாதி கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். பதின்மூன்றாம் வீட்டில், ஆய்வுத்தாளில் தங்கள் வீட்டு எண் இல்லையே என்று காட்டினார்கள்.

கடைசியாக லாரிக்காரர் வீடு. வாசலில் பையன் ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடினான். எதையோ ஓயாமல் பேசிக்கொண்டே ஓடினான். குழாய்க்காரர் அவன் பேச்சைக் கேட்டபடி சிறிது நேரம் நின்றார். பிறகு வாசலில் இருந்த திருகுப் பள்ளத்தில் இறங்கி, அந்த வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் தடுப்புத் திருகைக் கையாலேயே இறுக்கி மூடிவிட்டே உள்ளே போனார்.

“மூடிட்டீங்களா?” லாரிக்காரர் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். “வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் எங்கண்ணே போய்ப் பிடிப்பேன்? அவர் ஊருக்கு வர இன்னும் எட்டு நாள் ஆகும்.”

“எங்க வீட்லேர்ந்து அக்கா கொண்டுவந்து தருவா.”

“எத்தனை நாளைக்கு?”

“மாசக் கடைசிவரைக்கும்.”

“அப்புறம்?”

“திறந்தே ஆகணும்னா, காலையில பத்து நிமிஷம் ஓடவிட்டுட்டு அப்புறம் பிடிம்மா.”

“வேகமா வர்றதே நாப்பது நிமிஷம். அதில பத்தை மண்ணுல கொட்டிட்டு, குளிக்கவும் துவைக்கவும் எங்கே போறது? பாருங்க, நேத்துப் பிடிச்சதுதான், கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு தூசி இருக்கா? ஒரு வாடை இருக்கா?”

“இருக்காதும்மா. அதான் பயமே.”

அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள். அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருப்பதை அப்போதுதான் கண்டாள்போலும், கோபம் தணிந்துவிட்டது. “முதல்ல உட்காருங்கண்ணே. காலையிலேர்ந்து வெயில்ல அலைஞ்சிருக்கீங்க. உட்காருங்க, வர்றேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் வீடு திரும்பியபோது பிற்பகல் மூன்று மணி. உடைந்த தரையின் ஓரத்தில் பலகையைப் போட்டு அக்காள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி சிட்டுவை மடியில் கிடத்தி, மருந்தைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பதினாலு வீட்லயும் சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். “பாவப்பட்டாங்க. உட்காரச் சொன்னாங்க.” பிறகு, “தண்ணி குடுத்தாங்க” என்றார்.

அக்காளின் கை நின்றது. “எந்தத் தண்ணிடா?”

“அவங்க வீட்டுத் தண்ணிதான். வேற எது இருக்கு அவங்ககிட்ட?”

“லாரிக்காரர் வீட்லயுமா?”

“அவளுந்தான். தானும் ஒரு டம்ளர் குடிச்சுட்டு, பையனுக்கும் குடுத்துட்டு, எனக்குக் கொண்டுவந்தா. நான் தெருவுக்கு வர்றதுக்குள்ள, திருகைத் திறக்க ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் பள்ளத்தில இறங்கிட்டா.”

குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. மனைவி இரு விரலால் கன்னங்களை அழுத்தி வாயைத் திறந்து, கரண்டியைச் சாய்த்து, தொண்டை இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது. மோவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, அடுத்த வேளைக்கான கரண்டியைக் கழுவி வைக்கச் சொல்லி அக்காளிடம் நீட்டினார்.